உழவு இயந்திரம் தொடங்க மறுத்தால்: காந்த ஆளியின் பழுதை அறிதலும் மாற்றுதலும்

காலபோக மழையினால் மண் பதப்பட்டிருக்கும் நாட்களில் உழவு இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் விதைப்புப் பிந்தும். குளத்து நீர் முறைவைத்து விடப்படும் வயல்களில், முறை தவறினால் நீரும் தவறும். இத்தகைய அவசரத்திலேயே கமக்காரர் இரு பிழைகளைச் செய்கின்றனர். பழுதற்ற உறுப்பைக் கழற்றி வீண்செலவு செய்வது ஒன்று; நிலத்தில் நின்றபடி ஆளியின் முனைகளை இரும்பினால் தொடுத்து இயந்திரத்தைத் தொடக்குவது மற்றொன்று. முன்னது பணத்தையும் பின்னது உயிரையும் இழக்கச் செய்யும்.

காந்த ஆளியின் தொழில்

“சொலனொயிட்” என வழங்கும் காந்த ஆளி, பற்றரிக்கும் தொடக்கும் மோட்டருக்கும் இடையில் அமைந்துள்ளது. டீசல் எஞ்சினைச் சுழற்றும் மோட்டருக்குச் சில நூறு அம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். இதனைத் திறப்பு ஆளி தாங்காது. ஆகவே, திறப்பைத் திருப்பும்போது சிறிதளவு மின்னோட்டம் காந்த ஆளியின் சுருளிற் பாய்கிறது. சுருள் காந்தமாகி உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்க, செப்புத் தட்டொன்று இரு பெரிய முனைகளையும் இணைக்கின்றது. மோட்டரின் மேலேயே ஆளி பொருத்தப்பட்ட இயந்திரங்களில், அத்தண்டு மோட்டரின் சிறு பற்சில்லையும் முன்தள்ளி எஞ்சினின் பெருஞ்சில்லுடன் பொருந்தச் செய்யும்.

ஓசையைக் கொண்டு அறிதல்

1. “டக், டக், டக்” என விரைவாகப் பலமுறை ஒலித்தால், பெரும்பாலும் பற்றரி வலுவிழந்திருக்கும். அல்லது வடங்களின் இணைப்புத் தளர்ந்திருக்கும்.
2. ஒருமுறை மட்டும் “டக்” என ஒலித்து மோட்டர் சுழலாவிடில், ஆளியின் உட்தொடுகைகள் கருகியிருக்கலாம். மோட்டரே பழுதாகியும் இருக்கலாம்.
3. ஓசையே எழாவிடில், சிறிய கம்பி, திறப்பு ஆளி, கியர்ப் பாதுகாப்பு ஆளி, சுருள் ஆகியவற்றுள் ஒன்றிற் குறையுண்டு.
4. திறப்பை விட்ட பின்னரும் மோட்டர் சுழன்றுகொண்டிருந்தால், தொடுகைகள் உருகி ஒட்டியிருக்கக்கூடும். உடனே பற்றரியின் இணைப்பைத் துண்டித்தல் வேண்டும்.

முதலிற் பற்றரி

நன்கு மின்னேறிய 12 வோற்றுப் பற்றரி, ஓய்விலிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோற்றுக் காட்டும். 12 வோற்றளவே காட்டுமாயின் அது மின்னிறங்கியதாகும். முனைகளிற் படிந்த வெண்பூப்பைச் சுடுநீராற் கழுவி, உலோகம் பளபளக்கத் தேய்த்து, இறுகப் பூட்டுதல் வேண்டும். இயந்திரத்தின் உடலிற் பூட்டிய வடத்தின் முனையையும் அவ்வாறே துப்புரவாக்குக. சேற்றுழவு செய்யும் இயந்திரங்களில் இவ்விணைப்பே துருப்பிடித்துத் தொல்லை தருவதுண்டு.

விளக்கினாற் சோதித்தல்

12 வோற்று விளக்கொன்றில் இரு கம்பிகளைப் பொருத்தினால் சோதனைக் கருவி ஆயத்தமாகும். கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடையைப் பூட்டி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தும் பிடியை இழுத்து வைத்தல் வேண்டும். ஒருவர் ஆசனத்திலிருந்து திறப்பைத் திருப்ப, மற்றவர் சில்லுகளின் பாதையிலிருந்து விலகி நின்று சோதித்தல் நன்று. விளக்கின் ஒரு கம்பியை இயந்திரத்தின் உடலில், துருவும் வர்ணமும் அற்ற இடத்திற் பூட்டி, மறு கம்பியைப் பின்வருமாறு வைக்க.

முதலாவதாக, பற்றரியின் வடம் வந்து சேரும் பெரிய முனையில்: விளக்கு எரிதல் வேண்டும். எரியாவிடில் வடத்திலோ இணைப்பிலோ குறையுண்டு.

இரண்டாவதாக, திறப்பைத் திருப்பியபடி சிறிய முனையில்: விளக்கு எரியாவிடில் குறை காந்த ஆளியில் இல்லை, அதற்கு முன்னுள்ள கம்பியிலோ ஆளிகளிலோ உள்ளது. எரிந்தும் “டக்” ஓசை எழாவிடில் சுருள் பழுதடைந்திருக்கும். அல்லது ஆளி உடலுடன் சரிவரத் தொடுகையுறாதிருக்கும்.

மூன்றாவதாக, திறப்பைத் திருப்பியபடி மோட்டர்ப் பக்கத்துப் பெரிய முனையில்: “டக்” என ஒலித்தும் விளக்கு எரியாவிடில் தொடுகைகள் கருகியுள்ளன, ஆளியை மாற்றுதல் வேண்டும். விளக்கு ஒளியுடன் எரிந்தும் மோட்டர் சுழலாவிடில், மோட்டரைத் திருத்துவோரிடம் காட்டுக.

மாற்றும் முறை

1. இயந்திரத்தின் உடலுக்குச் செல்லும் பற்றரி வடத்தை முதலிற் கழற்றுக. பழைய இயந்திரங்கள் சிலவற்றில் நேர் முனை உடலுடன் பூட்டப்பட்டிருக்கும். ஆதலின் குறியை மட்டும் நம்பாது, வடம் செல்லுமிடத்தைப் பார்த்தறிக.
2. ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளமிட்டுக் கழற்றுக.
3. ஆளியைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்றுக. மோட்டரின் மேலுள்ள ஆளியாயின், தண்டின் கொளுவியை நெம்பிலிருந்து விடுவித்து எடுக்க.
4. அதே வகையும் அதே வோற்றளவுமுள்ள புதிய ஆளியைப் பெறுக. பொருந்துமிடத்துச் சேற்றையும் துருவையும் நீக்கிப் பூட்டுக.
5. பெரிய முனைகளின் சுரைகளை இறுக்கும்போது முனை சுழலாதவாறு பார்த்துக்கொள்க. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் முனையைத் தாங்கும் மூடி வெடிக்கும்.
6. உடலின் வடத்தை இறுதியிற் பூட்டுக. தொடக்கும்போது ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேற் சுழற்றாது, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுக்க.

எச்சரிக்கை

பெரிய முனைகளைத் திருகாணி முறுக்கியினாலோ கம்பித் துண்டினாலோ இணைத்தால், மின்னோட்டம் கியர்ப் பாதுகாப்பு ஆளிக்கு உட்படாது செல்லும். இயந்திரம் கியரில் இருந்தாலும் எஞ்சின் தொடங்கிப் பாயும். பெருஞ்சில்லின் முன் நிற்பவர் விலகுவதற்கு அவகாசமிராது. பாதுகாப்பு ஆளியின் கம்பிகளை முறுக்கி இணைத்து வைப்பதும் இத்தகைய ஆபத்தே. எத்துணை அவசரமாயினும், உழவு இயந்திரத்தை ஆசனத்தில் அமர்ந்தே தொடக்குதல் வேண்டும்.

போகம் தொடங்குமுன், வயல் காய்ந்திருக்கும் நாட்களிலேயே பற்றரியையும் வடங்களையும் ஆளியையும் ஒருமுறை பார்த்து வைக்கும் கமக்காரருக்கு, மழை நாளில் இயந்திரம் கைகொடுக்கும்.