காப்பீட்டுத் துறையில் செயல்முறை மறுவடிவாக்கம்

பெங்களூர் நகரில் மூன்று காலகட்டங்களைச் சேர்ந்த காப்பீட்டு அமைப்புகள் அருகருகே இயங்குகின்றன. மைசூர் சமஸ்தானம் 1891-இல் தன் ஊழியர்களுக்காகத் தொடங்கிய திட்டம், கர்நாடக அரசுக் காப்பீட்டுத் துறையாக இன்றும் தொடர்கிறது. 1956-இல் தேசியமயமாக்கலால் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கிளைகளும் இங்கு உள்ளன. 2000-ஆம் ஆண்டில் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்ட பின் தோன்றிய நிறுவனங்களுள் ஆக்கோ போன்றவை கைப்பேசி வழியாகவே பாலிசி வழங்குகின்றன.

இவற்றின் போட்டித் திறனை நிர்ணயிப்பது பிரீமியத் தொகை மட்டுமன்று. காப்பீடு என்பது பின்னொரு நாளில் நிறைவேற்றப்பட வேண்டிய வாக்குறுதி. துன்பம் நேர்ந்த குடும்பத்திற்கு உரிய தொகை எத்தனை நாளில், எத்தனை மேசைகளைக் கடந்து வந்து சேருகிறது என்பதே உண்மையான அளவுகோல்.

மறுவடிவாக்கம் என்பது யாது?

பழைய நடைமுறையை அப்படியே கணிப்பொறியில் ஏற்றுவது மறுவடிவாக்கம் ஆகாது. தேவையற்ற படிகளை நீக்கி, பணியைத் தொடக்கத்திலிருந்து புதிதாக அமைப்பதே மறுவடிவாக்கம். மைக்கேல் ஹாமர் 1990-இல் இக்கருத்தை விளக்கியபோது, மியூச்சுவல் பெனிஃபிட் லைஃப் என்ற அமெரிக்க நிறுவனத்தை எடுத்துக்காட்டினார். அங்கு ஒரு விண்ணப்பம் 5 துறைகளில் 19 பேரின் கைகளில் 30 படிகளைக் கடந்தது. 5 முதல் 25 நாள்கள் வரை ஆயிற்று. வேறொரு நிறுவனத்தில் 22 நாள்கள் கிடந்த விண்ணப்பத்தின் மீது உண்மையில் வேலை நடந்தது 17 நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் காத்திருப்பு. முழுப் பொறுப்பையும் ஒரே அலுவலரிடம் ஒப்படைத்த பின், முதலில் கூறிய நிறுவனம் சராசரியாக 2 முதல் 5 நாள்களில் பணியை முடித்தது.

நம் நாட்டு அனுபவம்

இச்சொல் வழக்கிற்கு வருமுன்பே, 1980-களின் தொடக்கத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் இத்தகைய மாற்றத்தைச் செய்தது. கோட்ட அலுவலகங்களில் குவிந்திருந்த பாலிசிதாரர் சேவைப் பணிகள் கிளைகளுக்கு மாற்றப்பட்டன. கிளைகளே கணக்குப் பிரிவுகளாயின. புதிய வணிகம் 1,000 கோடி ரூபாயிலிருந்து 2,000 கோடியை எட்டப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. மறுசீரமைப்புக்குப் பின் 1985-86-க்குள் அது 7,000 கோடியைக் கடந்தது. முடிவெடுக்கும் அதிகாரம் மக்களை நெருங்கி வந்ததன் பயன் இது.

இன்று தேவை இன்னும் கூடியுள்ளது. மருத்துவமனையில் ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியை ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் தர வேண்டுமென ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் பணித்தது. கோப்பு மேசை மேசையாகச் செல்லும் முறையில் இது இயலாது.

எச்சரிக்கை

மியூச்சுவல் பெனிஃபிட் நிறுவனத்தின் பிற்காலத்தையும் மாணவர் அறிதல் வேண்டும். நிலச் சொத்து முதலீடுகளில் ஏற்பட்ட இழப்பால் 1991-இல் அது அரசின் கட்டுப்பாட்டிற்குள் சென்றது. விரைவான நடைமுறை, தவறான முதலீட்டை ஈடுசெய்யாது. அவ்வாறே, விரைவு என்பது கோரிக்கைகளை விரைந்து மறுப்பதாகவும் ஆகிவிடக் கூடாது. படிகளைக் குறைக்கும் அலுவலர், ஒவ்வொரு படியும் யாரைப் பாதுகாக்கிறது என முதலில் வினவ வேண்டும். பாலிசிதாரரைக் காக்கும் படி நிலைக்கட்டும். அலுவலகத்தின் பழக்கத்தை மட்டும் காக்கும் படி நீங்கட்டும்.