தலைக்கு மேல போர் விமானம்: பயப்படணுமா? யாரிடம் கேட்கணும்?

"என்னங்க இது, மாடித் தண்ணித் தொட்டியை உரசிட்டுப் போற மாதிரி இருக்கே!"

2024 அக்டோபர் முதல் வாரத்தில் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், மயிலாப்பூர் பக்கம் இருந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழாவுக்காக மெரினாவில் சாகச நிகழ்ச்சி நடந்தது. அதற்கு முந்தைய நாட்களில் ஒத்திகை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, தொட்டில் குழந்தை அலறியது, நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. பிள்ளைகள் மட்டும் மொட்டை மாடியில் குதித்துக் கொண்டாடினார்கள்.

பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. இரண்டுமே இயல்புதான். அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம், உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது, ஒரு குடிமகனாக நாம் என்ன செய்யலாம், யாரிடம் கேட்கலாம் என்பதே இந்த மாதப் பாடம்.

1. சத்தம் ஏன் திடீர்னு வருது?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் ஒரு விநாடியில் 250 மீட்டர் கடக்கும். ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் போகும். விமானம் இரண்டரை கி.மீ. தள்ளி இருக்கும்போது கிளம்பிய சத்தம் நம் காதுக்கு வர 7 விநாடிக்கு மேல் ஆகும். விமானமோ 10 விநாடியில் தலைக்கு மேல் வந்துவிடும். ஆக, சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்க்க நமக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று விநாடிதான். மனசு திடுக்கிடுவதற்குக் காரணம் இதுதான். சத்தம் திடீரென்று வந்தாலே விமானம் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வெடிச் சத்தம் மாதிரி 'டமார்' என்று ஒரே ஒரு அதிர்வு கேட்டால் அது வேறு விஷயம். 2020 மே 20 அன்று பெங்களூரு முழுக்க அப்படி ஒரு சத்தம் கேட்டது. நிலநடுக்கமோ என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒலியை விட வேகமாகப் பறந்த விமானப்படைச் சோதனை விமானத்தின் அதிர்வு அது என்று பிறகு விளக்கம் தரப்பட்டது. விமானம் நகருக்கு வெளியே ரொம்ப உயரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அந்த அதிர்வு பல கி.மீ. தூரம் கேட்கும்.

2. விழுந்துடாதா? கேள்வியில் தப்பில்லை

நடந்ததை மறைக்கத் தேவையில்லை. 2010 மார்ச் 3 அன்று ஹைதராபாத் விமானக் கண்காட்சியில் கடற்படையின் சாகச விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூருவில் ஒத்திகையின்போது 'சூரிய கிரண்' விமானங்கள் இரண்டு மோதி, ஒரு விமானி உயிரிழந்தார். நம் பக்கத்திலேயே, 2025 நவம்பர் 14 அன்று தாம்பரம் அருகே விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. விமானி பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

இந்த மாதிரி விபத்துகள் அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க விதிகள் கடுமையாயின. 1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் சாகச விமானம் கூட்டத்துக்குள் விழுந்து 70 பேர் இறந்த பிறகு, கூட்டத்தை நோக்கிப் பாயாமல், கூட்டத்துக்குப் பக்கவாட்டில், தூரம் விட்டுப் பறக்கும் முறை பல நாடுகளில் வலுப்பட்டது.

மெரினா போன்ற கடற்கரை இந்த நிகழ்ச்சிகளுக்கு வசதியாக இருப்பதும் இதனால்தான். கூட்டம் மணலில், விமானம் தண்ணீருக்கு மேல். ஏதாவது தவறினாலும் கீழே வீடு இருக்காது.

ஆனால் நொச்சிக்குப்பத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. மற்றவர்களுக்குக் கடல் காலியிடம். குப்பத்துக்கு அது வேலை செய்யும் இடம். விமானம் தாழ்வாகப் பறக்கும் நேரத்தில் வலை விரித்த ஃபைபர் போட்டு அங்கே இருக்கலாம். எனவே எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு தூரம் வரை கடலுக்குப் போகக் கூடாது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது மீனவரின் உரிமை, பாதுகாப்பும்கூட. மீன்வளத் துறை அலுவலகத்திலும், கடலோரப் பாதுகாப்புக் குழும உதவி எண் 1093-இலும் கேட்கலாம். கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படை எண் 1554.

3. அன்றைக்கு உயிர் போனது எதனால்?

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை நிகழ்ச்சி. ரஃபேல், சுகோய், தேஜஸ், சாரங் ஹெலிகாப்டர்கள் என 72 விமானங்கள். கூட்டம் சுமார் 15 லட்சம் என மதிப்பிடப்பட்டது. விமானங்கள் ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று 5 பேர் உயிரிழந்தார்கள். பலர் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். உச்சி வெயில், தண்ணீர் கிடைக்காத தவிப்பு, திரும்பிப் போக வழியில்லாத நெரிசல் ஆகியவையே பேசப்பட்ட காரணங்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

எல்லோரும் மேலே பார்த்துப் பயந்தோம். உயிர் போனது கீழே, மணலிலும் ரோட்டிலும். அடுத்த முறை இது நடக்காமல் இருக்க ஏற்பாடு செய்வது அரசின் கடமை. நம் பங்குக்கு நாம் செய்யக் கூடியவை இவை:

• ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். தொப்பி அல்லது குடை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்று.

• கைக்குழந்தை, கர்ப்பிணி, இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முதியவர்கள் நண்பகல் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. டி.வி.யில் பார்த்தாலும் அதே விமானம்தான்.

• லட்சக்கணக்கானோர் ஒரே இடத்தில் இருந்தால் செல்போன் நெட்வொர்க் திணறும். "போன் பண்ணிக்கலாம்" என்று நம்பிப் பிரியாதீர்கள். கலங்கரை விளக்கம் மாதிரி ஓர் அடையாளம் சொல்லி, "தொலைஞ்சா இங்க வந்து நில்லு" என்று பேசி வையுங்கள். குழந்தையின் கையில் பேனாவால் உங்கள் எண்ணை எழுதுங்கள். வரைபடத்தை முதல் நாளே போனில் பதிவிறக்கி வையுங்கள்.

• நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பறக்கும் ரயில் நிலையத்துக்கு ஓட வேண்டாம். நிழலில் அரை மணி உட்கார்ந்து கிளம்புவது மேல்.

• யாராவது தலைசுற்றி, உளறி, உடம்பு கொதிக்க விழுந்தால்: நிழலுக்குக் கொண்டு போங்கள், உடையைத் தளர்த்துங்கள், ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

4. கீழே இருந்து நாம் உண்டாக்கும் ஆபத்து

தாழ்வாகப் பறக்கும் விமானத்துக்குப் பெரிய எதிரி பறவை. பருந்தும் காக்கையும் எங்கே கூடும்? கழிவு கிடக்கும் இடத்தில். பெங்களூரு யெலஹங்காவில் 2025-இல் விமானக் கண்காட்சி நடந்தபோது, தளத்தைச் சுற்றி 13 கி.மீ. வரை இறைச்சிக் கடைகளையே மூட உத்தரவு போட்டது இதனால்தான். நம் ஊரில் அவ்வளவு தூரம் போகாமலிருக்க, லூப் ரோடு மீன் மார்க்கெட் கழிவை மணலில் கொட்டாமல் மாநகராட்சி வண்டியில் சேர்ப்பது நல்லது. கழிவு எடுக்க வண்டி வரவில்லை என்றால் 1913-க்குச் சொல்லுங்கள்.

அப்புறம், "மேலிருந்து ஒரு வீடியோ எடுத்தா செமயா இருக்கும்" என்று ட்ரோன் விடுவது. ட்ரோன் விதிகள் 2021-இன்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவே கூடாது. உங்கள் இடம் எந்த மண்டலம் என்பதை 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பார்க்கலாம். விமானத்தை நோக்கி லேசர் விளக்கு அடிப்பதும் விமானியின் கண்ணைக் கூசச் செய்யும், அது விளையாட்டல்ல.

5. ஏதாவது விழுந்துவிட்டால்?

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது, முதலில் ஓடி வந்தவர்கள் அந்த ஊர் மக்கள்தான். வாளியில் தண்ணீர், வீட்டுப் போர்வை என்று கையில் கிடைத்ததைக் கொண்டு வந்து உதவினார்கள். அந்த மனசு நமக்கும் இருக்கும். கூடவே எச்சரிக்கையும் வேண்டும். 112-க்குச் சொல்லுங்கள். எரியும் பாகத்தின் புகை வரும் திசையில் நிற்காதீர்கள். உடைந்த பாகம் எதையும் தொடவோ எடுத்துப் போகவோ கூடாது. விமானியின் இருக்கையில்கூட வெடிக்கும் தோட்டா இருக்கும். ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்கள். காயம்பட்டவரைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

6. புகார் யாரிடம்?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பயணிகள் விமானத்தைக் கண்காணிக்கும் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய வாயுயான் அதினியம், முப்படை விமானங்களுக்குப் பொருந்தாது. அதனால் விமான நிலையத்துக்குப் போன் போட்டுப் பயனில்லை.

• பறக்கும் உயரம், சத்தம், சேதம் பற்றி: மத்திய அரசின் 'சிபிகிராம்ஸ்' தளத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து மனு போடலாம். போனிலேயே முடியும், கட்டணம் இல்லை. பதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடும் உண்டு.

• தண்ணீர், கழிப்பறை, குப்பை: மாநகராட்சி 1913.

• கூட்ட ஏற்பாடு, சாலை அடைப்பு, தொழில் இழப்பு போன்ற மாநில அரசு விஷயங்கள்: முதல்வரின் முகவரி 1100, அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம்.

மனுவில் கோபத்தை விட விவரம் முக்கியம். இப்படி எழுதலாம்:

"இன்ன தேதி, காலை இத்தனை மணிக்கு, எங்கள் குடியிருப்பின் மேல் விமானம் வடக்கிலிருந்து தெற்காக மூன்று முறை தாழ்வாகப் பறந்தது. இரண்டாம் மாடியில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது, படம் இணைத்துள்ளேன். முன்னறிவிப்பு எதுவும் எங்களுக்கு வரவில்லை. இனி ஒத்திகை நாட்களையும் நேரத்தையும் தமிழில் முன்கூட்டியே அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பத்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் புலம்புவதை விட, ஒரே மனுவில் பத்துக் கையெழுத்து வலுவானது.

இந்த மாதப் பயிற்சி

இப்போதே போனை எடுத்து 112, 108, 1913, 1100, 1093 ஆகிய எண்களைப் பெயரோடு சேமியுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை ஒத்திகை அறிவிப்பு வந்தால் தேதியையும் நேரத்தையும் அவரிடம் முதலில் சொல்லுங்கள். நேரம் முன்னாடியே தெரிந்திருந்தால், அந்தச் சத்தத்தில் பாதி பயம் குறைந்துவிடும்.