நம்பிக்கைகளும் உண்மைகளும்: காகிதப்பூ ஏன் பூக்க மறுக்கிறது?

நர்சரியில் வாங்கும்போது கிளையெல்லாம் ராணி நிறத்தில் குலுங்கிய காகிதப்பூச் செடி, மாடிக்கு வந்த சில மாதங்களில் வெறும் இலையாக நிற்கிறது. காலையும் மாலையும் தண்ணீர், மாதம் ஒரு பிடி யூரியா என்று கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் பழி செடியின் மீதோ, விற்றவர் மீதோ விழுகிறது. இரண்டு பேர் மீதும் தவறில்லை. இந்தச் செடியைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளில்தான் கோளாறு இருக்கிறது.

"நிறையத் தண்ணீர் விட்டால் நிறையப் பூக்கும்" என்பது அவற்றில் முதலாவது. அதிகச் சேதம் செய்வதும் அதுவே.

போகன்வில்லா எனப்படும் இந்தச் செடியின் தாயகம் தென் அமெரிக்கா. 1767இல் பிரெஞ்சுக் கடலோடி போகன்வில்லின் பயணத்தில் உடன் வந்த தாவரவியலாளர் கொமெர்சோன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதைக் கண்டு பதிவு செய்தார். வறட்சியைத் தாங்கும் குணம் செடிக்குப் பிறவியிலேயே உண்டு. நம் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டைப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில், எப்போதாவது வரும் தண்ணீர் லாரியை நம்பி நிற்கும் காகிதப்பூ, மாடியில் செல்லமாக வளர்வதைவிட அதிகம் பூத்திருக்கும்.

காரணம் செடியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. இலைக்கக்கத்தில் முளைக்கும் ஒரு மொட்டு முள்ளாகவும் மாறலாம், பூங்கொத்தாகவும் மாறலாம். இரண்டும் ஒரே உறுப்பின் இரண்டு வடிவங்கள். நீரும் நைட்ரஜனும் தாராளமாகக் கிடைத்து தளிர் வேகமாக ஓடும்போது, அந்த வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பெரலின் ஹார்மோன் மொட்டை முள்ளின் பக்கம் தள்ளுகிறது. மண் காய்ந்து வளர்ச்சி மட்டுப்படும்போது அதே மொட்டு பூங்கொத்தாகிறது. ஆக, யூரியாவும் குடம் குடமாகத் தண்ணீரும் வளர்ப்பது முள்ளைத்தான். பகல் நேரம் குறைவதும் பூப்பைத் தூண்டும். சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பகல் குறுகி, மண்ணும் காயத் தொடங்கும் தை, மாசியில் ஊரெங்கும் காகிதப்பூ பொங்குவது இதனால்தான்.

புதிதாக நட்ட செடிக்கு வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக்கூடாது. அதன்பிறகு மேல்மண் ஓரங்குலம் காய்ந்ததும் ஒருமுறை நன்றாக நனைத்தால் போதும். தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். வடிகால் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வது உரம் போடுவதைவிட முக்கியம். நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் கட்டாயம் வேண்டும்.

"பெரிய தொட்டிக்கு மாற்றினால் நன்றாகப் பூக்கும்" என்பதும் அடிக்கடி காதில் விழுவது. வேர் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கிறது. வேர்கள் மெல்லியவை, எளிதில் அறுபடும். அதனால் அடிக்கடி தொட்டி மாற்றுவது கெடுதல். கவாத்து செய்தால் பூ போய்விடும் என்ற பயமும் வேண்டாம். பூ வருவது புதுக்கிளையில். ஒரு பூப்பு முடிந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் அடுத்த பூப்புக்குக் கிளைகள் கூடும்.

நாம் பூ என்று ரசிக்கும் வண்ணத் தாள்கள் இதழ்கள் அல்ல, நிறம் மாறிய இலைகள். அவற்றைப் பூவடிச் செதில்கள் என்பார்கள். மூன்று செதில்கள் சேர்ந்திருக்க, ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டியிருக்கும் சிறிய வெள்ளைக் குழல்தான் உண்மையான பூ. அந்திமந்தாரையும், நாம் கீரையாகச் சமைக்கும் மூக்கிரட்டையும் இதே குடும்பம். செதிலின் சிவப்பு, பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே பீட்டலைன் வகை நிறமி.

இனி முள். "முள்செடி வீட்டுக்கு ஆகாது" என்று இதை ஒதுக்கும் வீடுகளிலேயே ரோஜாவும் எலுமிச்சையும் வளர்கின்றன. அவற்றிலும் முள் இருக்கிறது. முள்ளில் விஷம் என்பதும் மிகை. சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்; முள் குத்தி உள்ளேயே முறிந்தால் புண் சீழ் பிடிக்கலாம். அதனால் கவாத்தின்போது தடித்த கையுறை அவசியம். உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான நஞ்சுள்ளது, அதே நடுத்திட்டில் பக்கத்திலேயே நிற்கும் அரளி. குழந்தைகள் விளையாடும் வாசலில் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

"வெளிநாட்டுச் செடி, விட்டால் காட்டையே மூடிவிடும்" என்ற அச்சத்துக்கு மட்டும் நியாயமான பின்னணி உண்டு. அலங்காரத்துக்கென்று வந்த உண்ணிச்செடி இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அடர்ந்து கிடக்கிறது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. காகிதப்பூவின் தோட்ட வகைகளோ நம் ஊரில் பெரும்பாலும் விதை வைப்பதில்லை. போத்து நட்டும் பதியம் போட்டும் மனிதர்தான் பெருக்குகிறார்கள். ஆகவே உண்ணிச்செடியோடு இதைச் சேர்த்துத் திட்டுவது அநியாயம்.

ஆனால் காகிதப்பூவால் மட்டும் நிறைந்த தோட்டம், கண்ணுக்கு விருந்தாக இருக்கும் அளவுக்கு நம் வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் உதவாது. இடம் இருப்பவர்கள் அதன் பக்கத்திலேயே இந்த மண்ணின் செடியான வெட்சி ஒன்றையும் நடுங்கள். இரண்டுக்கும் தண்ணீர்த் தேவை வேறு என்பதால் தனித்தனித் தொட்டியில் வையுங்கள்.