கவாசாகி நோய்: மரபணு இருந்தால் நோய் வந்தே தீருமா?

"எதிர்ப்பு சக்தி கம்மி, அதனால்தான் வந்திருக்கு." குழந்தைக்குக் கவாசாகி நோய் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் கிளம்பும் பேச்சு இது. உடனே சத்துமாவும் டானிக்கும் வந்து இறங்கும். உண்மை நேர்மாறானது. இந்த நோயில் எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கிளர்ந்து, உடம்பின் இரத்தக் குழாய்ச் சுவர்களிலேயே அழற்சியை உண்டாக்குகிறது. அதில் பெரிதும் அடிபடுபவை இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் கொரோனரி தமனிகள். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பதற்கு எதிர்ப்பு சக்தியை ஏற்றும் டானிக் எதற்கு?

ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் இப்படி? இங்கேதான் மரபணு வருகிறது. 2008இல் யோஷிஹிரோ ஓனோச்சி குழுவினர் ஜப்பானில் ஐடிபிகேசி என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டினார்கள். எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் வரம்பு மீறாமல் பிரேக் பிடிப்பது அதன் வேலை. அதில் ஒரு மாறுபாடு இருந்தால் பிரேக் தளர்கிறது. டி செல்களின் அதே கிளர்ச்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து, முதல் சிகிச்சையான இம்யூனோகுளோபுலினுக்குக் கட்டுப்படாது என்று கருதப்பட்ட குழந்தைகளுக்குப் பலன் தருவதை 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. மரபணு ஆராய்ச்சியின் நிஜமான பயன் இதுதான்.

"மரபணு என்றால் பரம்பரை நோய்தானே?" இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும், ஏனென்றால் பெரும்பாலும் அது தாய் வீட்டைக் குறிவைத்தே எழுகிறது. ஜப்பானியக் கணக்குப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் உடன்பிறந்தவருக்கு ஆபத்து சுமார் 10 மடங்கு. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் 100 உடன்பிறப்புகளில் சுமார் 2 பேருக்குத்தான் வருகிறது. மீதிப் பேருக்கு வருவதில்லை. அந்த மாறுபாட்டோடு பிறந்தும் நோயே வராமல் வாழ்கிறவர்கள் ஏராளம். மரபணு மட்டுமே காரணம் என்றால் 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானில் நோய் அலையாகப் பெருகியிருக்காது. கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த 2020இல் சட்டென்று குறைந்திருக்கவும் முடியாது. ஒரு நாட்டு மக்களின் மரபணு ஓராண்டில் மாறுவதில்லை. ஏதோவொரு தொற்று தூண்டிவிடுகிறது என்று பலரும் கருதுகிறார்கள். அது எதுவென்று இன்னும் பிடிபடவில்லை. அதில் எந்தத் தாய்க்கும் பங்கில்லை.

ஜப்பான்காரர்களின் நோய் என்பதும் பாதி உண்மைதான். தோமிசாகு கவாசாகி என்ற மருத்துவர் 1961இல் தோக்கியோவில் முதல் குழந்தையைப் பார்த்தார். 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஹவாயில் குடியேறிய ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளிடமும் நோய் அதிகம் என்பதால் மரபணுவின் பங்கு உண்மை. ஆனால் எல்லா இனத்துக் குழந்தைகளுக்கும் வருகிறது. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை 1990களிலிருந்தே இந்தியக் குழந்தைகளிடம் இதைப் பதிவு செய்துவருகிறது.

"ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?" வேண்டாம். இந்த நோயை உறுதிசெய்யும் மரபணுப் பரிசோதனை கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், பீளை கட்டாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, செக்கச் சிவந்த நாக்கு, உடம்பில் தடிப்பு, வீங்கிய கை கால், கழுத்தில் நெறி. நம் குழந்தைகளிடம் இன்னொரு தடயமும் உண்டு: இடது தோளில் பிசிஜி ஊசி போட்ட தழும்பு திடீரென்று சிவந்து தடிக்கலாம். அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிக் காத்திருந்தால் பொன்னான நாட்கள் போய்விடும்.

காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். ஆபத்து அதோடு போவதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் 4 குழந்தைகளில் ஒன்றுக்குக் கொரோனரி தமனி புடைத்துக்கொள்கிறது. 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது சுமார் 100க்கு 4 ஆகக் குறைகிறது.

அறிகுறிகள் ஒரே நாளில் சேர்ந்து வருவதில்லை. முந்தாநாள் கண் சிவந்து இன்று தெளிந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். செல்போனில் படம் இருந்தால் காட்டுங்கள்.