ஊடும் பாவும்

நுழையும்முன்

துணி வாங்குவோர் நிறத்தையும் விலையையும் நோக்குவர். நூல்கள் பின்னியுள்ள முறையை நோக்குவோர் சிலரே. ஒரு துணி எப்பணிக்கு ஏற்றது என்பதை அறிய அம்முறையும் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பணிநேரம் மாறும் வேளையில் சீருடை அணிந்த தொழிலாளர் சாலையெங்கும் நிறைந்திருப்பர். அவர்களுடைய தடித்த காற்சட்டைத் துணியில் சாய்ந்த மெல்லிய வரிகள் தென்படும். கைக்குட்டையில் அவ்வரிகள் இரா. இரண்டும் பருத்தியாகவே இருக்கலாம். வேறுபாடு நெசவில் உள்ளது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு. அதன் குறுக்கே செலுத்தப்படும் நூல் ஊடை. இவை பின்னும் ஒழுங்கைக் கொண்டு அடிப்படை நெசவுகளை மூன்றாகப் பகுப்பர்.

சாதா நெசவு

ஊடை ஒரு பாவு நூலின் மேலும் அடுத்ததன் கீழும் மாறி மாறிச் செல்லும். துணியின் இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும். கோழிக்கோட்டின் பெயரால் உலகறிந்த காலிகோ, மதராஸ் கட்டத்துணி, காயத்திற்குக் கட்டும் வலைத்துணி ஆகியன இவ்வகையின.

சாய்வரி நெசவு

இதனை ‘டுவில்’ என்பர். ஊடை ஒரு பாவு நூலின் மேலும் இரண்டு அல்லது மூன்றின் கீழும் சென்று, அடுத்த வரிசையில் ஒரு நூல் தள்ளித் தொடங்கும். அதனால் சாய்வரி உண்டாகிறது. பின்னல்கள் குறைவாதலின் நூல்களை நெருக்கி நெய்யலாம். துணி தடிப்பாகவும் வளைந்து கொடுப்பதாகவும், எளிதில் கிழியாததாகவும் அமையும். டிரில், ஜீன்ஸ் துணிகள் இவ்வகையின. ஜீன்ஸில் நீலப்பாவு வெளிப்புறம் மிகுந்தும் வெள்ளை ஊடை உட்புறம் மிகுந்தும் தோன்றுவதற்கு இந்நெசவே காரணம்.

சாட்டின் நெசவு

பாவு நூல் நான்கு ஊடைகளின் மேல் மிதந்து ஐந்தாவதன் கீழ் செல்லும். பின்னல் புள்ளிகள் அடுத்தடுத்து அமையாமல் சிதறியிருக்கும். நீண்டு மிதக்கும் நூல்கள் ஒளியைத் திருப்புவதால் துணி பளபளக்கும். ஆயின் அந்நூல்கள் ஆணியிலோ வளையலிலோ எளிதில் சிக்கி இழுபடும்.

நாரும் நெசவும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் உழவர் பலர். அவர்கள் தரும் கூட்டிலிருந்து பெறுவது பட்டு. அது நாரின் பெயர். சாட்டின் என்பதோ நெசவின் பெயர். பாலியஸ்டரையும் சாட்டினாக நெய்யலாம். பளபளப்பை மட்டும் நம்பி அதனைப் பட்டென வாங்குபவர் பணத்தை இழப்பார்.

இவ்வேறுபாட்டை அறியாமை பட்டறையில் உடலுக்கே கேடாகும். பற்றவைப்புப் பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உருகாது, எனினும் தீப்பற்றும். ஆதலால் அங்குத் தீத்தடுப்புப் பதமிட்ட தடித்த பருத்திச் சாய்வரித் துணி பயன்படுகிறது. நெசவு துணிக்கு உறுதி தரும். வெப்பத்தைத் தாங்குமா என்பதை நாரும் பதமும் முடிவு செய்யும். இரண்டையும் சேர்த்து அறிபவரே துணியை அறிந்தவர்.

கற்பவை கற்றபின்

வீட்டிலுள்ள மூன்று துணிகளை உருப்பெருக்கியால் நோக்கி, அவற்றின் நெசவைக் கட்டத்தாளில் வரைந்து, பயனோடு ஒப்பிட்டு எழுதுக.