தாழி உடைந்த பிறகு

பெருங்கற்காலப் பாடத்தில் கல்திட்டை, கல்வட்டம் படங்களைக் காட்டினால், “நம்ம ஊர்ல பாறையே இல்லையே சார்” என்பார்கள் எங்கள் திருக்கடையூர்ப் பிள்ளைகள். உண்மைதான். இது வண்டல் பூமி. இங்கு இறந்தோரை வைத்துப் புதைக்க மண்தாழி.

மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006-இல் ஓர் ஆசிரியர் வீட்டுக் கொல்லையில் மரம் நடக் குழி தோண்டினார். புதிய கற்காலக் கற்கோடரி கிடைத்தது. தொல்லியல் துறையில் இருந்த நண்பரிடம் ஒப்படைத்தார். அதிலிருந்த நான்கு குறிகளைச் சிந்துவெளி எழுத்துகள் என்றார் ஐராவதம் மகாதேவன். அதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கல்லில்லாத ஊருக்கு அந்தக் கல் வெளியிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? பிள்ளைகள் இந்தக் கேள்வியை விடுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான நான்கு ஓடுகளைக் கொண்டுவந்தாள். குட்டை வெட்டிய பொக்லைனில் உடைந்ததாம். மீதி மண்ணோடு டிராக்டரில் போய்விட்டது.

மறுநாள் இரண்டு தொட்டிகளில் பானை, நெல், ஆணி, மணி புதைத்தேன். ஒரு குழு அடுக்கடுக்காக அளந்து எடுத்தது. மற்றக் குழுவுக்கு எல்லாவற்றையும் கலைத்துக் கொட்டினேன். எது பானைக்குள் இருந்தது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமதியுள்ள புதைபொருள் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

“அப்ப நான் எடுத்து வந்தது தப்பா சார்?” என்றாள் அந்த மாணவி. ஓடு கிடந்த இடத்தை அவளையே வரைபடத்தில் குறிக்கச் சொன்னேன். குட்டையை ஒட்டிய மேடு இன்னும் வெட்டப்படவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.