குன்றல் பகுப்பும் முட்டையின் காத்திருப்பும்

மனித உடற்செல்லில் 46 குரோமோசோம்கள் உள, இனச்செல்லிலோ 23. இப்பாதியாக்கலே குன்றல் பகுப்பு எனப்படும். இணைக் குரோமோசோம்கள் முதலில் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, பின்னரே பிரிகின்றன. உடன்பிறந்தோர் ஒத்தும் வேறுபட்டும் விளங்குவது இதனாலன்றோ!

ஆடவரிடத்தில் இப்பகுப்பு பருவமெய்தியபின் தொடங்கி இடையறாது நிகழும். பெண்ணிடத்திலோ, அவள் தாய்வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, முதற்கட்டத்தில் நின்றுவிடுகிறது. பூப்பெய்தியபின் திங்கள்தோறும் பெரும்பாலும் ஒரு முட்டையே அதனைத் தொடரும். நாற்பது அகவைத் தாயின் முட்டை நாற்பதாண்டுக்கு மேல் காத்திருந்ததாகும்! அந்நெடுங்காலத்தில் குரோமோசோம்களைப் பிணைக்கும் புரதக்கட்டு தளர்வதுண்டு. 21ஆம் இணை பிரியாது போயின், குழந்தைக்கு அக்குரோமோசோம் மூன்றாகி, டவுன் சிண்ட்ரோம் அமையும். 1959இல் பிரான்சு நாட்டில் லெஜூன் முதலியோர் இதனை வெளியிட்டனர். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் நேர்ந்ததன்று இது, இளந்தாயர்க்கும் நேரும், சிறுபான்மை, தந்தையின் விந்தணுவிலும் இப்பிழை நிகழ்வதுண்டு.